பழைய விளையாட்டுப் பொறிகளும் இணைப்பி மயக்கமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சமுதாயத்தினர் இயற்றிய பாடல்களையும் கதைகளையும் மட்டுமன்றி, அவர்தம் கையிற் புழங்கிய பொருள்களையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து இருநூறாண்டு நிறைவுற்றமையை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்த காலத்தில், கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு, அம்மி என்பன பற்றிப் பலரும் பேசினர், எழுதினர். அது தக்கதே. ஆயின் 1990களிலும் 2000களிலும் லயக் காம்பராக்களில் வளர்ந்த சிறுவர்தம் மாலைப்பொழுதுகளை ஆட்கொண்ட 'டீவி கேம்' எனும் பொறியைப் பற்றிப் பேசியோர் மிக அரியர். அப்பொறியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைக்கும் கம்பியைப் பற்றியோ பேச்சே இல்லை எனலாம்.

தமிழ்ச் சங்க மலரிலே கம்பிக்கும் செருகிக்கும் இடமா என முகஞ்சுளிப்போர் நம் விரிவுரையாளரிடையே இருக்கக்கூடும். அவர்கட்கு ஒன்று கூறுதல் தகும். ஓலைச்சுவடியின் ஏடு மாறிக் கோக்கப்பட்டிருந்தால் பாடம் பிழைபடும் என்பதை அறிந்தவர்கள் நாம். விளையாட்டுப் பொறி ஒன்றின் படம் எவ்வழியாகத் திரைக்கு வந்தது என்பதும் அத்தகைய பாடச் சிக்கலே. வழி மாறினால் திரையில் தோன்றுவது மாறும். அன்றைய சிறுவர் கண்டது ஒன்று, இன்று நாம் 'இதைத்தான் அவர்கள் கண்டார்கள்' எனக் காட்டுவது பிறிதொன்று என்றாகிவிடும். இஃது ஏட்டுப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடவுமில்லை. நாட் கூலியில் வாழும் குடும்பங்களின் பணமும் இதன்மூலம் வீணே கரைகின்றது. ஆதலினாலேயே இக்கட்டுரை எழுகின்றது.

எல்கடுவவை எடுத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், வத்தேகமைப் பக்கமிருந்தும் உக்குவளைப் பக்கமிருந்தும் வளைந்து வளைந்து ஏறும் வீதிகள் சென்று சேரும் தேயிலை மலையூர் அது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் சுயாதீன தொலைக்காட்சிச் சேவையுடன் தொடங்கிற்று. 1982 இல் ரூபவாகினி வந்தது. மலைமடிப்புகளில் அமைந்த இத்தகைய ஊர்களில் அலைவாங்கிக் கம்பத்தைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த காலம் அது. மின்சாரம் எட்டாத லயங்களிலே கார் பற்றறியில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன; பற்றறியைச் சுமந்து சென்று கடையில் 'சார்ஜ்' ஏற்றி வருவது வாரந்தோறும் ஒருவர் பொறுப்பாகவிருந்தது. பின்னர் வண்ணப் பெட்டிகள் வந்தன. அவற்றின் பின் விசிடி ஒலிபரப்பியும், அதன் பின் வட்டத் தட்டு அலைவாங்கியும் வந்தன. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்னும் முந்நிறக் கம்பி லயத்திற்குள் குடிபுகுந்தது இவற்றோடுதான்.

'டீவி கேம்' இவ்விரு காலங்களையும் கடந்து வந்த பொருள். யப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ 1983 இல் வெளியிட்ட பமிகொம் பொறியின் நகல்களே நம் நாட்டிற் பெரிதும் விற்கப்பட்டன. நகல் என்று இகழ்வதற்கில்லை. மூலப்பொறியை வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? ஒரே கெசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உண்டு என அட்டையிற் பொய்யெண் அச்சிட்டு விற்கப்பட்ட அப்பொறிகளிலேதான் மலையகச் சிறுவரும் யாழ்ப்பாணத்துச் சிறுவரும் கொழும்புச் சேரிச் சிறுவரும் மரியோவை முதலிற் கண்டனர். இன்று நாற்பதை அணுகும் அவர்களுட் சிலர், கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ உழைத்துத் திரும்பியபின், பரணிற் கிடந்த பொறியை இறக்கித் தம் பிள்ளைகட்குக் காட்ட விழைகின்றனர். இவ்விழைவு இயல்பானது, மதிக்கத்தக்கது. சிக்கல் எழுவது இவ்விடத்திலேதான்.

வீட்டில் இப்போதிருப்பது தட்டையான புதுத் திரை. பொறியின் பின்புறத்தில் இருப்பதோ அலைவாங்கிக் குதை ஒன்றும், மஞ்சளும் வெள்ளையுமான இரு குதைகளும். திரையின் பின்னாலே எச்.டி.எம்.ஐ. துளைகள் தெரிகின்றன, மஞ்சள் துளை தெரியவில்லை. கடைக்குச் செல்கின்றனர். கடைக்காரர் ஒரு சிறிய வெண்ணிறப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, இதன் வழி இணைத்தால் படம் '1080' ஆகிவிடும் என்கிறார். ஒரு நாட் கூலியேனும் அதற்குப் போய்விடுகின்றது. வீட்டிற்கு வந்து இணைத்தால் படம் அகலத்தில் இழுபட்டு, விளிம்புகள் பல்லிளித்து, பொத்தானை அழுத்தியபின் சற்றுப் பொறுத்தே மரியோ குதிக்கிறான். 'பொறி பழுது' என்று தீர்ப்பாகிறது. பொறி மீண்டும் பரணுக்கோ, பழைய இரும்பு வாங்க வருபவரிடமோ செல்கின்றது. பழுது பொறியிலா?

இந்த ஏமாற்றத்திற்கு அடிப்படையாக அமைவது ஒரு கோட்பாடு. அதனை ஏணிக் கோட்பாடு எனலாம். அடிப்படியில் அலைவாங்கிக் கம்பி; அடுத்து மஞ்சட் செருகி; அதற்கு மேல் எஸ்-வீடியோ; அதற்கும் மேல் செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கடத்தும் ஆர்.ஜி.பி.; உச்சியிலே எச்.டி.எம்.ஐ. மேலேற மேலேறப் படம் சிறக்கும் என்பது இக்கோட்பாட்டின் சாரம். சந்தைக்காரர் இதனை நம்புகின்றனர், ஏனெனில் ஒவ்வொரு படியிலும் விற்பதற்கு ஒரு பொருள் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் நூல்களைக் கற்ற நம் நகர்ப்புற இளைஞர் சிலரும் இதனை நம்புகின்றனர். பொருளாதார நூல்களில் பண்டவழிபாடு என ஒரு தொடர் பயில்வதை இம்மலரின் வாசகர் அறிவர். மனிதர் செய்த பொருளுக்குத் தன்னளவிலேயே ஓர் ஆற்றல் உண்டெனக் கருதி அதன் முன் பணியும் மயக்கம் அது. செருகியின் வடிவத்திலேயே படத்தின் தரம் உறைந்துள்ளது என்று எண்ணுவது அம்மயக்கத்தின் சிறுவடிவமாகும்.

உண்மை யாதெனின், செருகி ஒரு வாய் மட்டுமே. அதன் வழி வெளிவரும் குரல் உள்ளேயிருக்கும் பொறியினுடையது.

இதனைச் சற்று விரித்து நோக்குவோம். வண்ணப்படம் ஒன்றில் ஒளிர்வு, நிறம் என இரு கூறுகள் உள்ளன. மஞ்சட் செருகியில் இவ்விரண்டும் ஒரே கம்பியிற் கலந்து செல்கின்றன. தொலைக்காட்சி அவற்றை மீண்டும் பிரித்துக்கொள்கின்றது. (கறுப்பு வெள்ளைப் பெட்டி நிறத்தைப் பொருட்படுத்தாது ஒளிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும், பற்றறிப் பெட்டியிலும் 'டீவி கேம்' ஆட முடிந்தமைக்குக் காரணம் இதுவே.) அலைவாங்கி வழியிலோ இக்கலப்புச் சமிக்ஞையும் ஒலியும் சேர்ந்து ஓர் ஒளிபரப்பு அலைவரிசையின் மேல் ஏற்றப்பட்டு, தொலைக்காட்சியில் மறுபடி இறக்கப்படுகின்றன, ஏற்றி இறக்குவதில் இழப்பு நேர்வது இயல்பு. ஆகவே அலைவாங்கிக் குதையை விட்டு மஞ்சட் குதைக்கு மாறுவது உண்மையான முன்னேற்றமே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல்? பமிகொம் பொறியின் படமாக்கும் சில்லு ஒளிர்வையும் நிறத்தையும் தன்னுள்ளேயே கலந்து, கலந்த நிலையிலேயே வெளிவிடுகின்றது. பிரித்த நிறங்கள் அச்சில்லின் எந்தக் காலிலும் இல்லை. அதன் நகல்களின் நிலையும் பெரும்பாலும் அதுவே. கலந்த பாலையும் நீரையும் பொற்கிண்ணத்தில் வார்ப்பதால் நீர் பிரிந்துவிடுமா? பிரிப்பதற்கு அன்னப்பறவை வேண்டும். கடைக்காரரின் வெண்பெட்டி அன்னப்பறவை அன்று.

அவ்வெண்பெட்டி செய்வது இதுதான். மஞ்சட் கம்பியின் சமிக்ஞையை வாங்கி, எண்களாக மாற்றி, பெரிதாக்கி, எச்.டி.எம்.ஐ. வழியே அனுப்புகின்றது. '1080' என்பது வெளிச்செல்லும் வரிகளின் எண்ணிக்கை. உள்வந்த செய்தியின் செறிவு அணுவளவும் கூடுவதில்லை. அதனோடு நில்லாது அது தீங்கும் செய்கின்றது. தொலைக்காட்சி ஒளிபரப்பிலே ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வந்து பின்னிப்பிணைந்து ஒரு படமாகும். பழைய விளையாட்டுப் பொறிகளோ பின்னாத படத்தையே ஒவ்வொரு முறையும் முழுமையாக அனுப்புகின்றன. மலிவான மாற்றுப்பெட்டி இவ்வேறுபாட்டை அறியாது. எல்லாவற்றையும் ஒளிபரப்பாகவே கருதி, பின்னாததைப் பின்ன முயல்கின்றது. அதனால் விளிம்புகள் சீப்புப் பல் போலாகின்றன. அடிபட்ட வீரன் விட்டுவிட்டுத் தோன்ற வேண்டிய இடத்தில் அறவே மறைந்துபோகிறான். இவற்றுக்கு மேலாகத் தாமதம் உண்டு. 50 ஹேர்ட்ஸ் பொறியில் ஒரு படத்திற்கு ஆகும் நேரம் 20 மில்லிசெக்கன். பெட்டியும் புதுத் திரையும் சேர்ந்து இத்தகைய சில படங்களை விழுங்கிவிட்டே காட்டுகின்றன. கதை கேட்பவனுக்கு இஃது ஒரு பொருட்டன்று. பள்ளத்தைத் தாண்டக் குதிப்பவனுக்கு இதுவே உயிர்.

ஏணிக் கோட்பாட்டினர்க்கு விடை கூறவியலாத சான்று ஒன்று உண்டு. 'டீவி கேம்' பெட்டியோடு பலவேளைகளில் வந்த துப்பாக்கியே அது. வாத்துகளைச் சுடும் அவ்விளையாட்டை அறியாத 1990களின் சிறுவர் சிலரே. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருமையாகி, வாத்து இருக்குமிடத்தில் மட்டும் வெண்கட்டம் ஒன்று தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அவ்வெண்மையை அக்கணத்திலேயே கண்டால் வாத்து விழும். குழாய்த் தொலைக்காட்சியின் எலக்ட்ரான் கற்றை திரையை வரையும் வேகத்திற்கு இசைவாக அமைக்கப்பட்டது அவ்வுணரி. புதுத் தட்டைத் திரையில் வெண்கட்டம் வந்து சேர்வதற்குள் பொறி தன் தீர்ப்பை எழுதி முடித்துவிடும். எத்தனை விலையுயர்ந்த கம்பியை மாட்டினாலும் அங்கே வாத்து விழாது. குழாய்ப் பெட்டியில், மஞ்சட் கம்பியில், ஏன், அலைவாங்கிக் கம்பியிலே கூட விழும்.

இன்னொரு சான்று மேலும் நுட்பமானது. 1991 இல் சேகா நிறுவனம் மெகா டிரைவ் பொறிக்கென வெளியிட்ட சோனிக் விளையாட்டின் முதற்பகுதியிலே நீர்வீழ்ச்சிகள் வருகின்றன. அப்பொறியால் உண்மையான ஒளிபுகு நிறத்தை எளிதில் காட்டவியலாது. ஆகவே ஓவியர் நீரை ஒன்றுவிட்டொரு நெடுங்கோடாக வரைந்து, இடைவெளியில் பின்னணியைத் தெரியவிட்டனர். மஞ்சட் கம்பியின் கலப்பிலே அக்கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து, பாறை ஊடே தெரியும் நீர்த்திரையாக மாறின. ஆர்.ஜி.பி. கம்பியில், கூர்மையான திரையில், தெரிவது வேலிக் கம்பிகள் போன்ற கோடுகளே. எல்கடுவவுக்கு அணித்தாயுள்ள ஹுனாஸ் நீர்வீழ்ச்சியைக் கண்டவர்க்கு நீரின் ஊடே பாறை தெரிவது எத்தகையது எனச் சொல்ல வேண்டியதில்லை. கலைஞன் தன் ஊடகத்தின் குறையையே கருவியாக்கிக் கொண்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. யாப்பின் கட்டுப்பாட்டைக் கவிஞன் பயன்கொள்வதை வியந்து போற்றும் நாம், இதனை மட்டும் 'தாழ்ந்த தரம்' என ஒதுக்குவது எங்ஙனம்?

இனி, வடிவத்தை நம்புவோர் எய்தும் இடர்கள் சிலவற்றை நோக்குவோம். இவை வெறுங் கருத்துப் பிழைகள் அல்ல. பொருளைக் கெடுக்கவும் வல்லன.

ஐரோப்பாவில் வழங்கிய ஸ்கார்ட் எனும் 21 ஊசிச் செருகியும், யப்பானில் வழங்கிய 21 ஊசி ஆர்.ஜி.பி. செருகியும் கண்ணுக்கு ஒன்றே. உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறு. யப்பானியக் கம்பியை ஐரோப்பியக் குதையில் நுழைத்தால் படம் வராமற் போவதோடு கருவிக்கு ஊறும் நேரலாம். நின்டென்டோவின் மூன்று தலைமுறைப் பொறிகள் ஒரே வடிவக் குதையையே கொண்டிருந்தன. ஆயினும் அமெரிக்க, யப்பானிய கேம்கியூப் எஸ்-வீடியோ தரும்; ஆர்.ஜி.பி. தராது. ஐரோப்பிய கேம்கியூப் ஆர்.ஜி.பி. தரும், எஸ்-வீடியோ தராது. ஒரே பெயர், ஒரே துளை, ஒரே நிறப் பெட்டி! சேகாவின் மெகா டிரைவிலோ முதல் வடிவத்திற்கும் இரண்டாம் வடிவத்திற்கும் குதையே வேறு. முதல் வடிவத்தில் பின்குதை ஒற்றை ஒலியை மட்டுமே தர, இருபுற ஒலியை முன்னாலுள்ள செவிப்பன்னித் துளையிலிருந்துதான் எடுத்தல் வேண்டும்.

யப்பானிலிருந்து வரும் பழம்பொருள்கள் நம் நாட்டில் மலிந்திருப்பதால் இன்னொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். அந்நாட்டு மின்வழங்கல் 100 வோல்ற்று, நம்முடையது 230. செருகி எப்படியோ பொருந்திவிடுகின்றது என்பதற்காக அப்பொறியின் மின்னேற்பியை நம் சுவரில் மாட்டினால் புகைதான் எஞ்சும். தப்பிப் பிழைத்தாலும், பால் முறை ஒன்றையே அறிந்த நம் பழைய தொலைக்காட்சியில் அதன் படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகத் தோன்றும், இரு முறைகளிலும் நிறத்தைச் சுமக்கும் அலையின் மீடிறன் வேறாதலால். அதற்கும் கம்பியைக் குறை கூறிப் புதுக் கம்பி வாங்கியோரை இக்கட்டுரையாளன் அறிவான்.

புதிய தட்டைத் திரைகள் பலவற்றில் மஞ்சட் குதை அறவே இல்லாமற் போகவில்லை, மறைந்திருக்கின்றது. சிலவற்றில் அது பச்சைக் குதையோடு ஒன்றாக்கப்பட்டுள்ளது. அங்கே தொலைக்காட்சியின் தெரிவுப் பட்டியலில் உரிய வழியைத் தெரிவு செய்யாவிடின் படம் கறுப்பு வெள்ளையாக வரும். தொலைக்காட்சி கலப்புச் சமிக்ஞையை வெறும் ஒளிர்வெனக் கொண்டதே காரணம். வேறு சிலவற்றில் நான்கு தொடுகைகளை உடைய 3.5 மில்லிமீற்றர் சிறுதுளை ஒன்றே உண்டு. அதற்குரிய கம்பி எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். ஆனால் நான்கு தொடுகைகளின் ஒழுங்கு ஆக்குவோர்க்கு ஆக்குவோர் மாறுபடும். நிலத்தொடுகையும் படத்தொடுகையும் இடம்மாறிய கம்பியில் இரைச்சலும் கோடுகளுமே கிட்டும். திரையோடு வந்த கம்பியைப் பெட்டியோடு எறியாதிருத்தல் நன்று. மாற்றுப்பெட்டி வாங்கக் கடையேறுமுன் திரையின் முதுகை ஒருமுறை கைவிளக்கால் நோக்குவது பலருக்கு ஒரு நாட் கூலியை மீதப்படுத்தும்.

தங்கமுலாம் பூசிய செருகிகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. எல்கடுவ போன்ற மூடுபனி ஊர்களில் ஈரத்தினால் செருகிகளின் தொடுகை களிம்பேறிப் படம் துடிப்பது உண்டு. தங்கம் களிம்பேறாது என்பது மெய்யே. ஆனால் மருந்துக்கடை அற்ககோலைப் பஞ்சில் தோய்த்துத் துடைத்தால் பழஞ்செருகியும் பளிச்சிடும். தங்கத்தைத் தேர்த்திருவிழாவுக்கு வைத்துக்கொள்வோம்.

சேகரிப்பாளரின் வாதம் சற்று வேறுபட்டது. மலிவுப் பெட்டி தீது என்பதில் அவர்கள் நம்மோடு உடன்படுவர். பின்னாத படத்தைப் பின்னாததாகவே உணர்ந்து, தாமதமின்றிப் பெரிதாக்கும் நற்கருவிகள் உள்ளனவே, ஓ.எஸ்.எஸ்.சி., ரெட்ரோடிங்க் முதலியவற்றை வாங்கலாகாதா என்பர். அக்கருவிகள் நல்லவை, ஐயமில்லை. அவற்றின் விலையோ நூறு டொலரைக் கடந்து செல்வது. 2022 இன் நெருக்கடியில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை பாய்ந்ததை மறந்தோர் இலர். 300 ரூபா எனக் கொண்டாலும் நூறு டொலர் 30,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட் கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பிந்திய கணக்கின்படியே இருபத்திரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்தாலே அப்பெட்டி கைக்கு வரும். இருபத்திரண்டு நாட் கூலிக்கு மேற் செலவிட்டு அடைவதோ, மூலையிற் கிடக்கும் குழாய்ப் பெட்டி செலவின்றித் தரும் அதே படம்! இவ்வுண்மையைச் சொல்லாமல் ஏணியின் உச்சியை மட்டும் சுட்டும் அறிவுரை, கேட்பவன் யாரென நோக்காத அறிவுரையாகும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அதனை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். 'தோட்டத்தான் பழைய பெட்டியோடும் பழைய கம்பியோடும் கிடக்கட்டும், புதியது நகரத்தானுக்கே என்பதா உமது வாதம்? மலையகத்தாருக்கு எப்போதும் எஞ்சியதே பங்கென்பதை நீரும் நியாயப்படுத்துகின்றீரா?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. லயத்தில் வாழ்பவன் புதுத் திரை வாங்குவதை எவரும் தடுக்கவில்லை. செய்தி காணவும் படம் பார்க்கவும் அது சிறந்தது. நாம் மறுப்பது, புதியதை வாங்கிய அன்றே பழையதை எறிந்துவிட வேண்டும் என்னும் கட்டளையை. எளியோர் கையிலுள்ள ஒரு பொருள், குறித்த ஒரு பணிக்கு, செல்வர் வாங்கும் பொருளைக் காட்டிலும் மேலானதாக இருக்கும்போது, அதனைக் 'குப்பை' எனப் பெயரிட்டு அவர் கையிலிருந்து பறிப்பது எவ்வகை நீதி? வெளிநாடுகளில் இன்று பழைய விளையாட்டுகளை விரும்புவோர் நல்ல குழாய்ப் பெட்டிகளைத் தேடி அலைகின்றனர் என்பதை இங்கே பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுப்பவர் அறியார்.

தமிழ்நாட்டின் நிலையும் இதற்கு வேறன்று. 2006 இல் ஆட்சிக்கு வந்த அரசு வறிய குடும்பங்கட்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பல இலட்சம் குழாய்ப் பெட்டிகள் குடிசைகளைச் சென்றடைந்தன. அத்திட்டத்தின் அரசியல் பற்றிப் பலவாறு வாதிடலாம். அப்பெட்டிகள் இன்று உடைக்கப்படும் வேகத்தைப் பற்றி வாதிடுவோரைத்தான் காணவில்லை. குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. உடைத்துச் செப்பை உருவிய பின் அக்கண்ணாடி எங்கு வீசப்படுகின்றது? எல்கடுவ போன்ற இடத்தில் லயத்தின் பின்னாலுள்ள பள்ளத்தில் வீசினால், அப்பள்ளத்தின் வழிதான் மழைநீர் ஓடைக்கு இறங்குகின்றது. குழாய்ப் பெட்டியை இயங்க வைத்திருப்பது, இந்நோக்கிலும், எறிவதினும் மேலானது.

குழாயைப் போற்றுவது அதன் அபாயத்தை மறப்பதாகாது. பெட்டியின் உள்ளே இருபதினாயிரம் வோல்ற்றைக் கடக்கும் மின்னழுத்தம் உருவாகின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் சிறிது காலம் அங்குத் தங்கியிருக்கும். வெளிக்குதைகளைத் துடைப்பது எவர்க்கும் இயலும். முதுகுப் பலகையைத் திறப்பது பயிற்சி பெற்றவர்க்கே உரியது.

மஞ்சட் செருகியை எல்லாப் பொறிக்கும் உரிய மருந்தாக இக்கட்டுரை பரிந்துரைப்பதாக எவரும் கொள்ளலாகாது. அவ்வாறு கொண்டால் அது தலைகீழாக நிறுத்திய ஏணியாகிவிடும். சொனியின் பிளேஸ்டேஷன் 2 இதற்கு நல்ல எதிர்ச்சான்று. 2000 இல் வெளிவந்த அப்பொறி நம் நாட்டு நகரங்களிலும் சிற்றூர்களிலும் பரவியது. முதற் பிளேஸ்டேஷனும் அதுவும் ஒரே வடிவக் குதையை உடையன; ஆனால் இரண்டாவது பொறி ஒளிர்வையும் இரு நிற வேறுபாட்டையும் தனித்தனியே தர வல்லது. தொலைக்காட்சியில் பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று குதைகள் இருப்பின் அவற்றுக்குரிய கம்பியை வாங்குவதே அறிவுடைமை. கம்பியை மாற்றுமுன் மஞ்சட் கம்பியிலேயே பொறியை இயக்கி, அதன் அமைப்புப் பட்டியலில் ஆர்.ஜி.பி. என்றிருந்தால் மற்றத் தெரிவுக்கு மாற்றிவிடல் வேண்டும்; இன்றேல் நிறங்கள் பிறழ்ந்து தோன்றும். இப்பொறிக்கென விற்கப்படும் சிறிய எச்.டி.எம்.ஐ. மாற்றிகளுட் சில இம்மூன்று சமிக்ஞைகளையே நேரடியாக எடுப்பதால், முன்னர் கண்டித்த வெண்பெட்டியைப் போலக் கெடுப்பதில்லை. ஆயினும் முதற் பிளேஸ்டேஷனுக்குரிய தட்டுகளை இதே பொறியில் இதே கம்பியில் இட்டால் தட்டைத் திரைகள் பல படமே காட்டாது திகைத்து நிற்கும். அவ்விளையாட்டுகட்கு மறுபடி குழாய்ப் பெட்டியே புகலிடம். ஒரே பொறி, ஆடும் தட்டுக்கேற்பக் கம்பி மாறுகின்றது. ஏணியால் இதனை எங்ஙனம் விளக்குவது?

கைத்தொலைபேசியிலேயே பழைய விளையாட்டுகளை ஆடிவிடலாமே என்பாரும் உளர். ஆடலாம், பயணத்தில் பொழுதுபோக்க அது போதும். எழுத்தைப் பெயர்த்தெழுதிக்கொண்டதால் சுவடி தேவையற்றதாகிவிட்டது என எந்தப் பதிப்பாசிரியனும் சொன்னதில்லை.

நமது சங்கத்திடம் கேட்பது பெரிதன்று. பொறியியற் பீடத்து மாணவர் நால்வரும் கலைப்பீடத்து மாணவர் நால்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்கடுவவுக்குச் செல்லலாம். இயங்கும் குழாய்ப் பெட்டிகள் இரண்டைத் தோட்டத்துப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ நிலையாக வைக்க ஒழுங்கு செய்து, பரணிலுள்ள பொறிகளைக் கொண்டுவரும்படி வீடுதோறும் சொல்லலாம். பொறியியலார் ஒவ்வொன்றையும் சோதித்து, அது தரக்கூடிய சமிக்ஞை எது, அதன் மின்னேற்பி எத்தனை வோல்ற்று என்பவற்றைக் குறித்துக் கொடுக்கட்டும். கலைப்பீடத்தார் அப்பொறியை யார் எங்கு வாங்கினார், எந்தப் பெட்டியில் எந்தக் கம்பியில் ஆடினார், அன்று திரையில் என்ன கண்டார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கம்பி ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா சுற்றி, எந்தப் பொறிக்குரியது, எந்தக் குதைக்குரியது எனத் தமிழில் எழுதிவிடலாம். ஒற்றை ஒலிப் பொறிகளின் கம்பியில், ஒலிச்செருகி வெள்ளைக் குதைக்கே உரியது என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். சிவப்பில் மாட்டிவிட்டு ஒலி போய்விட்டது என்போரே அதிகம்.